கபன் முடிச்சு

மாத்தளை டவுனுக்குப் பின்னால் கொச்சிக்காய் மில் ஒழுங்கையில் இருபத்தாறு வீடுகள். 2021 ஜனவரியில் அந்த இருபத்தாறு வீட்டையும் நான் சந்தேகப்பட்டேன். என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என்னைக் கட்டிய மாப்பிள்ளைக்கும் வாய் சும்மா இருக்காது. பாண் ரொட்டி விற்கிற ஆட்டோக்காரன், மீட்டர் பார்க்க வருகிறவன், வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்த பிள்ளை, யாரையும் நான் விடவில்லை. எங்களில் ஒருவர் பொலிசுக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுத்தது மஸீனா ராத்தாவைப் பற்றி. இங்கே வருகிற பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன், ஒழுங்கையின் பெயரும் அது இல்லை. வாசிக்கிற உங்களையும் நான் முழுதாக நம்பவில்லை.

ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா, நானா என்றால் அண்ணன். மஸீனா எனக்கு உறவில்லை, பக்கத்து வீடு. உக்குவெலயில் பிறந்து, பத்தொன்பது வயதில் லொறி ஓட்டுகிற ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர். லொறிக்காரர் நாற்பதைத் தாண்டவில்லை. ஒரே மகள் அக்குறணையில் குடித்தனம். ராத்தா தையல் மெஷினோடு தனியாக இருந்தார். பேச்சு மிகவும் குறைவு. பேசாதவர்களை எனக்குப் பிடிக்காது, உள்ளே என்ன ஓடுகிறதென்று தெரியாது. வந்த புதிதில் அவரையும் நான் நல்ல மாதிரி நினைக்கவில்லை.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பெண் மையத்துகளை, அதாவது பிரேதங்களை, குளிப்பாட்டி வெள்ளைத் துணியால் கபனிடுவது. அவருடைய மாமியார் மவுத்தான நாளில் குளிப்பாட்ட வேண்டிய மனுஷி பஸ் கிடைக்காமல் ரத்தோட்டையிலேயே நின்றுவிட்டார். வீட்டில் நின்ற ஏழெட்டுப் பெண்களில் கை நடுங்காதவர் இவர் ஒருவர்தான். அன்றைக்கு ஆரம்பித்தது இருபத்து மூன்று வருஷமாக நடந்தது. கூலி வாங்க மாட்டார். மவுத்து வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க மாட்டார். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற உதவிக்குப் போவேன்.

கபன் துணியின் ஓரத்திலிருந்தே நாடா கிழித்து, அதனால் தலைமாட்டிலும் இடுப்பிலும் கால்மாட்டிலும் கட்டுவோம். கபுறுக்குள் இறக்கியதும் ஆம்பிளைகள் அந்தக் கட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். குழிக்குள் குனிந்து நிற்கிறவர் முடிச்சோடு மல்லுக்கட்ட முடியுமா? அதனால் ஒரு நுனியை இழுத்தால் கழன்று வருகிற உருவு முடிச்சுத்தான் போடுவது. ராத்தா போடுகிற முடிச்சுக்கு ஒரு தனி விதம் உண்டு. நுனியை இரண்டாக மடித்து இடப்பக்கம் தொங்க விடுவார். குழிக்குள் இறங்கிப் பழகியவர்கள் கை பட்டதுமே இது மஸீனா கட்டியது என்று சொல்வார்கள்.

கொரோனாவில் மவுத்தானால் எரிக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். புதைத்தால் நிலத்துத் தண்ணீரில் கிருமி கலக்குமாம். மற்ற நாடுகளில் எல்லாம் புதைத்தார்கள், அங்கே தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கே கேள்வி கேட்டவர்களைத் தீவிரவாதி என்றார்கள். 2019 ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு அந்தச் சொல் எங்கள் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் கூட முடியாது, ஊர்வலம் போக முடியாது. போனில் ஒரு படம் அனுப்பவும் பயந்தோம்.

டிசம்பரில் றாபியா மவுத்தானாள். ஒழுங்கையின் மேல் முனையில், கராம்பும் மிளகும் வாங்கி விற்கிற ஹாஷிம் நானாவின் பெண்சாதி. மூச்சு இழுப்பு வருத்தம் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் காலையில் மவுத்துச் செய்தி வந்தது. ஹாஷிம் நானா டவுனில் கபன் துணி எடுத்து வந்து ராத்தாவின் கையில் கொடுத்தார். ராத்தா துணியை அளந்து வெட்டினார். நான் இலந்தை இலை போட்டுத் தண்ணீர் சுட வைத்தேன். பின்னேரம் நாலு மணிக்குப் போன் வந்தது. கொரோனா என்று முடிவு வந்துவிட்டதாம், எரிக்கக் கொண்டுபோய்விட்டார்களாம், வந்து கையெழுத்துப் போடட்டுமாம். ஹாஷிம் நானா போய்ச் சேர்ந்தபோது வேலிக்கு வெளியே நின்று புகையைத்தான் பார்க்க முடிந்தது. சுட வைத்த தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் நான் அடுப்பங்கரையில் நின்று அழுதேன்.

அந்த வீட்டுக்கு அது இரண்டாவது இடி. மகன் முஹம்மதுவை 2019 மே மாதத்தில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவன் போனில் ஏதோ ஒரு மௌலவியின் பயான் பேச்சு இருந்ததாம். அதற்கு மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை, வழக்கும் போடவில்லை, விடவுமில்லை. உம்மா மவுத்தான செய்தியை அவனுக்கு யார் சொன்னார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

கொழும்பில் சனம் வேலியில் வெள்ளைத் துணி கட்டுகிறார்கள் என்று போனில் பார்த்திருந்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை சுபஹ் தொழுகை முடிந்த கையோடு நான் இடியாப்பக் கூடையைத் தூக்கிக்கொண்டு கடைகளுக்குப் போட நடந்தேன். பிரேதம் எரிக்கிற இடத்துக்குப் போகிற வழியில் ஒரு இரும்பு வேலி. அதில் ஆறேழு வெள்ளை நாடாக்கள் கட்டியிருந்தன. நுனி மடித்து, இடப்பக்கம் தொங்க. அது றாபியாவுக்கு ராத்தா வெட்டிய கபன் துணி. கூடையை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்துவிட்டேன். ராத்தாவிடம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பகலாவதற்குள் எங்கள் சனத்தின் கேற்றுகளிலும் கடைக் கதவுகளிலும் ஆட்டோக் கண்ணாடிகளிலும் வெள்ளைத் துணி ஏறிவிட்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கோஷம் இல்லை, ஒரு எழுத்து இல்லை. செத்த வீடென்றால் வீதிக்கு வெள்ளைக் கொடி கட்டுவது சிங்களச் சனத்தின் வழக்கம். வெள்ளைத் துணிக்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? சந்தியில் தேங்காய் விற்கிற சிங்கள அம்மா யாருக்கு என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் தன் கடைக் கம்பத்திலும் ஒன்று கட்டினார். அவரையும் நான் சந்தேகப்பட்டேன்.

பொலிஸ் வந்து கழற்றியது. இரும்பு வேலியில் இருந்தவை ஒரு இழுப்பில் கழன்று வந்தன. இரண்டு நிமிஷத்தில் வேலி வெறுமையானது. அடுத்த வாரம் கட்டிய சனம் கத்தரிக்கோல் இல்லாமல் அவிழ்க்க முடியாத மாதிரிக் கட்டினார்கள். ராத்தா மட்டும் மறுபடியும் தன் முடிச்சையே போட்டார். அந்தத் துணியை வேறு மாதிரிக் கட்ட அவர் கைக்குத் தெரியவில்லை. இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடுமே என்ற பயம்.

ஜனவரி நடுவில் ஒரு பொலிஸ் சார்ஜன் வந்தார். சிவில் உடுப்பு, நல்ல மரியாதை, சிரித்த முகம். நான் ராத்தா வீட்டில் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தேன். சார்ஜன் கையில் ஒரு பார்சலும் ஒரு நீளத் துணிக் கிழிசலும். ஒரு மையத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய சாமான் என்றும், அம்மா கொஞ்சம் கட்டித் தர முடியுமா என்றும் சிங்களத்தில் கேட்டார். மையத்து வீடு என்ற சொல் காதில் விழுந்ததும் ராத்தாவின் கை தன் வேலையைச் செய்துவிட்டது. சார்ஜன் நேரே இடப்பக்கத்தைப் பார்த்தார். மடிந்த நுனியைப் பிடித்து இழுத்தார். கட்டு கழன்றது. துணியைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லி, பிறகு கூப்பிடுவோம் என்று போனார்.

வேலியில் கழற்றிய முடிச்சைப் பொலிஸ் பார்த்திருக்கும், ஆனால் அது ராத்தாவின் கை என்று அந்த மனுஷனுக்கு யார் சொன்னது? இதை ஒரு சிங்களவரோ, பாண்காரனோ, மீட்டர்காரனோ சொல்லியிருக்க முடியாது. கபுறுக்குள் இறங்கி அந்த முடிச்சை அவிழ்த்த ஆம்பிளைதான் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் குழிக்குள் இறங்குகிறவர்கள் மூன்றே பேர். என் மாப்பிள்ளை குழியைக் கண்டால் இருபதடி பின்னால் நிற்கிறவர், அவர் தப்பினார். மிச்சம் டயர்க் கடை பாறூக் நானா, தேத்தண்ணிக் கடை பஸீர், ஹாஷிம் நானா.

நான் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. பாறூக் நானாதான். பொலிஸ் நடத்துகிற சிவில் பாதுகாப்புக் குழுவில் அவர் உறுப்பினர். ஜீப்புக்கு டயர் போட அவர் கடைக்குத்தான் வருவார்கள். சிங்களம் தண்ணீர் மாதிரி பேசுவார். துணி கட்டிய முதல் வாரமே பள்ளிவாசல் வாசலில் நின்று, இதெல்லாம் வேண்டாம், நம் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம் வரும் என்று சொன்னவர். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இடியாப்பக் கூடையோடு இருபத்தாறு வீட்டு வாசலும் எனக்குப் பழக்கம். ஒரு வாரத்தில் எல்லா வாசலிலும் அந்தப் பேச்சைப் போட்டுவிட்டேன். பாறூக் நானா வந்தால் தேத்தண்ணிக் கடையில் பேச்சு நின்றது. அவர் சலாமுக்குப் பதில் வாய்க்குள் முணுமுணுப்பாக வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை.

ஆனால் ராத்தா மட்டும் நம்பவில்லை. அதனால் கையும் களவுமாகப் பிடித்துக் காட்ட நினைத்தேன். வியாழக்கிழமை மூன்று பேரிடமும் மூன்று கதை சொன்னேன். நாளைக் காலையில் சுது கங்கைப் பாலத்தில் துணி கட்டப் போகிறார்களாம் என்று பாறூக் நானாவிடம். பஸ் ஸ்டாண்டில் என்று பஸீரிடம். மூடிக் கிடக்கிற ஸ்கூல் மதிலில் என்று ஹாஷிம் நானாவிடம். கடைசி இரண்டு பேரிடமும் சும்மா ஒப்புக்குத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கூடையோடு சுற்றி வந்தேன். பாலத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் தம்புள்ளை பஸ்ஸுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூல் மதிலுக்கு எதிரே வாகை மரத்தடியில் ஒரு ஜீப் நின்றது. சிரித்த முகத்துச் சார்ஜன் முன் சீற்றில் இருந்தார். கூடையோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மிச்ச இடியாப்பத்தை எந்தக் கடையில் போட்டேன் என்று நினைவில்லை. ராத்தாவின் வீட்டுக்குள் செருப்போடு ஏறினேன். கண்ட எல்லாவற்றையும் கொட்டினேன். பெண்சாதியின் கபனைக் கிழித்துக் கட்டிய கையைக் காட்டிக் கொடுத்திருக்கிறாரே, இவரும் ஒரு மனுஷனா என்று கத்தினேன். ராத்தா மெஷினை நிறுத்திவிட்டு எழும்பிப் போய் ஜன்னலை மூடினார்.

“மெதுவா பேசுங்க றுக்ஸானா. எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஹாஷிம் நானா எங்கிட்ட வந்தாரு. ஒரு பேரு குடுத்தா முஹம்மதுவ விடுறோம்னு சொன்னாங்களாம். யாருட பேர குடுக்கன்னு அழுதாரு. என் பேர குடுங்கன்னு நான்தான் சொன்னேன்.”

இன்னும் இன்னும் தகவல் கேட்கிறார்களாம், ஸ்கூல் மதில் கதையும் அப்படித்தான் போயிருக்கும் என்றார். எனக்குக் கோபம் பொங்கியது. அவர்கள் ஒன்றும் விடப் போவதில்லை, உங்களையும் உள்ளே போடுவார்கள் என்றேன். ராத்தா மெஷினுக்குத் திரும்பி வந்து இருந்தார். றாபியாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அந்த மனுஷனுக்குக் கிடைக்கவில்லை, மகனுடைய முகமாவது கிடைக்கட்டும் என்றார். தான் தனிக்கட்டை, தன்னை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்றும் சொன்னார். என்னிடம் சத்தியம் வாங்கினார். முஹம்மது வீட்டுக்கு வரும்வரை ஹாஷிம் நானாவின் பெயர் என் வாயிலிருந்து வரக் கூடாது. வந்தால் ஒழுங்கை அந்த மனுஷனை உயிரோடு புதைத்துவிடும், அவர் செய்ததற்கும் ஒரு பலன் இல்லாமல் போகும். என் வாயைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இரண்டு தடவை சத்தியம் செய்ய வைத்தார்.

திங்கட்கிழமை ராத்தாவைப் பொலிசுக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் போனேன். என்னை வெளி வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னார்கள். கதவு பாதி திறந்திருந்தது. கட்டியது நீயா என்று கேட்டார்கள், ஆமாம் என்றார். யார் சொல்லிக் கட்டினாய், எந்த இயக்கம், எந்த மௌலவி என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். யாரும் இல்லை என்று ஒரே பதில். பிறகு ஒரு புதுக் குரல், சார்ஜனைவிடப் பெரியவருடையது என்று நினைக்கிறேன், துணியைப் பற்றிக் கேட்டது. இது விலை கூடின துணி, புதுத் துணி, இவ்வளவு துணியை உனக்கு வாங்கித் தந்தது யார்?

அந்த வாங்கில் இருந்தபடியே எனக்கு விஷயம் விளங்கியது. துணி வாங்கியது ஹாஷிம் நானா. கடையில் பில் இருக்கும், கமரா இருக்கும். ராத்தாவின் பெயரைக் கொடுத்தபோது இரண்டு பேருமே இதை யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் துணி கொடுத்து ஆள் ஏவியவர் என்று அவரையும் பிடிப்பார்கள். தீவிரவாதி என்று உள்ளே இருக்கிறவனின் வாப்பா வேறு. பிறகு முஹம்மதுவை எந்தக் காலத்தில் விடுவது? ஒரு சொல்லில் இரண்டு பேரும் உள்ளே. ராத்தா பொய் பேசி நான் கேட்டதே இல்லை. அவருக்குப் பொய் வராது.

“அது என்ட கபன்” என்றார் ராத்தா, சிங்களத்தில், நிதானமாக. “நான் மவுத்தானா உடுத்த வாங்கி வெச்சது. எப்பிடியும் எரிக்கத்தானே போறீங்க. எனக்கு அது என்னத்துக்கு?”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்தது எனக்குக் கேட்டது. பிறகு வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மாதம் ஒரு தடவை வந்து ஒப்பமிட வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வருகிற வழியில் ராத்தா ஆட்டோவை ஜவுளிக் கடை வாசலில் நிறுத்தச் சொன்னார். உள்ளே போய் வெள்ளைத் துணி ஒரு கட்டு வாங்கி வந்து மடியில் வைத்துக்கொண்டார். சொன்னது பொய்யாக இருக்கக் கூடாது என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை அன்றைக்குத்தான் நடுங்கியது.

பெப்ரவரி கடைசியில் புதைக்கலாம் என்று சட்டத்தை மாற்றினார்கள். மையத்துகளைத் தூரத்து ஓட்டமாவடிக்கு அனுப்ப வேண்டும், அங்கே மண் கொடுப்பார்கள். மண் என்றால் போதும் என்று சனம் அழுதது. வேலிகளில் துணி கட்டுவது நின்றது. முஹம்மது வரவில்லை. ஹாஷிம் நானா ராத்தாவின் வீட்டுப் பக்கம் தலை நிமிர்த்தாமல் நடந்தார். அவரைக் கண்டால் எனக்கு நாக்கு நமைச்சல் எடுக்கும், சத்தியத்தை நினைத்து விழுங்கிக்கொள்வேன்.

பாறூக் நானாவின் நிலைமை மோசமானது. மார்ச் மாதம் பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். காரணம் எழுதவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அவர் மகள் அஸ்ராவுக்குக் கலேவெலயிலிருந்து பேசி வைத்த இடம் சும்மா நின்றுபோனது. எல்லாம் நான் வாசல் வாசலாகப் போட்ட விதை. இராத்திரிகளில் புரண்டு படுத்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால், நான் இல்லை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்பார். அதற்கு என்னிடம் ஒரு பெயர்தான் இருந்தது.

ஒரு நாள் காலையில் கடை திறக்கிற நேரம் பாறூக் நானா என்னை வழியில் நிறுத்தினார். அக்கம் பக்கத்தில் ஆளில்லை. அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் கூடைத் துணியைச் சரி செய்தேன்.

“என்னப் பத்தி ஊருல சொன்னது நீங்கதானே?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“அது நான் இல்லன்னு உங்களுக்கு இப்ப தெரியும். நீங்க என்னக் கண்டா குனியிறது எனக்கு வெளங்காதா?” கடைச் சாவியைக் கையில் எடுத்தார். “ஹாஷிமா?”

பேசாமல் நின்றால் அதுவே பதிலாகிவிடும். இவர் கோபத்தில் தேத்தண்ணிக் கடையில் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராத்தா செய்ததெல்லாம் மண்ணாகிவிடும். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

“இல்ல நானா. நீங்கதான்னு நான் இன்னமும் நெனைக்கிறேன்.”

அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன். அவரோ கடைக் கதவின் பூட்டைத் திறந்து, பலகையைத் தூக்கி உள்ளே வைத்தார்.

“ஹாஷிம பொலிசுல டிசம்பர்லயே கண்டேன்” என்றார், எனக்கு முதுகைக் காட்டியபடி. “கமிட்டிக் கூட்டத்துக்குப் போன நேரம். மூலையில குந்திக்கிட்டு இருந்தாரு. நான் காணாத மாதிரி வந்துட்டேன். முஹம்மது வரட்டும். அதுவரைக்கும் நீங்க என் பேரயே சொல்லுங்க.”

நான் இடியாப்பக் கூடையைத் தூக்கிக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்கு நடந்தேன். பாறூக் உங்களிடம் என்ன கேட்டார் என்று பஸீர் விசாரித்தார். அங்கே ஹாஷிம் நானாவும் ஒரு மூலையில் இருந்தார். நம்மிடம் வாயைக் கிண்டப் பார்க்கிறார், அந்த ஆளிடம் கவனமாக இருங்கள் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.